ஆல்ட்டோவில் ஓர் ஓட்டை

சர்ச் பாடகர் குழு பாடும் அந்தப் பாட்டு "அன்பே" என்ற சொல்லில் முடியும். அந்த ஒரு சொல்லை நீட்டிப் பிடிக்க வேண்டும். நாலு குரல்களில் உச்சக் குரலான சோப்ரானோக்காரர்கள் மேலே ஏறுவார்கள், ஆண்களின் மேல்குரலான டெனர் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்புவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி வரும், ஆண்களின் அடிக்குரலான பேஸ் படியிறங்கிப் போகும். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவுக்கு மட்டும் எந்த ஊர்வலமும் கிடையாது. நின்ற இடத்திலேயே, ஒரே சுரத்தில், மற்ற மூவரும் ஊர் சுற்றிவிட்டு வந்து சேரும்வரை நிற்க வேண்டும். வேலை என்னவோ சுலபம்தான். ஆனால் ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லின் நடுவில் ஆல்ட்டோ அறுந்தது.

"ஓட்டை!" என்று கத்தினார் மாஸ்டர். "ஆல்ட்டோவுல ஓட்டை விழுது. அன்புக்கு நடுவுல ஓட்டை போடுறீங்களே, நல்லாவா இருக்கு?"

மாஸ்டர் என்று எல்லோரும் அழைத்தாலும் அவருக்குச் சோறு போடுவது இசை இல்லை. வாரம் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். புதிதாகக் கார் ஓட்டக் கற்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கெடுத்தாலும் வலது காலை அழுத்தும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. யாராவது வேகமாகப் பாடினால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிப்பார். அன்றைக்கு அவர் மிதிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு ஆல்ட்டோவைப் பார்த்தார். ஆல்ட்டோ என்பது மொத்தமே இரண்டு பேர். அந்தச் சபையில் அந்தக் குரலுக்கு வேறு ஆள் கிடையாது.

மூத்தவளைச் சபையில் "காலர் அக்கா" என்பார்கள். இளையவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் ஒட்டவில்லை, சின்னவள் என்றே இருந்துவிட்டாள். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஒரே வீட்டின் மாடியிலும் கீழேயும் குடியிருக்கிறார்கள். ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோளோடு தோள் இடிக்க நின்று பாடுகிறார்கள். ஐந்தாறு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

இது சபையில் எல்லோருக்கும் தெரியும். போதகர் இவர்களுக்காகவே அன்பைப் பற்றி மூன்று முறை பிரசங்கம் செய்தார், ஆல்ட்டோ வரிசையைப் பார்த்துக்கொண்டே. மூன்று முறையும் மூத்தவள், "இது அவளுக்கு நல்லா உறைக்கணும்" என்று நினைத்துக்கொண்டாள். சின்னவள் என்ன நினைத்தாள் என்று கேட்கத் தேவையில்லை. போதகரும் மனிதர்தானே, நாலாவது தடவை நோவாவின் பேழைக்குப் போய்விட்டார்.

காலர் அக்காவுக்குப் பட்டப்பெயர் வந்தது வேலையால். சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். காலரின் விளிம்பை ஒட்டி மேல்தையல் போடுவது அவள் வேலை. ஒரு முனையில் ஊசியை இறக்கினால் வளைவைச் சுற்றி மறுமுனைவரை நிறுத்தாமல் போக வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் அந்த இடத்தில் நூல் லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சட்டை போடுகிறவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அதனால் யாராவது கூப்பிட்டால்கூட முனைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தலையைத் தூக்குவாள். மேனேஜரே வந்து நின்றாலும் சரி, தீயணைப்பு வண்டியே வந்து நின்றாலும் சரி.

அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது பாத்ரூம் போக வேண்டுமென்றால், வரிசை நின்றுவிடாமல் இருக்க மாற்று ஆள் ஒருத்தி வந்து அந்த மெஷினில் உட்காருவாள். காலர் அக்கா மட்டும் தன் மெஷினை மாற்று ஆளிடம் கொடுக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பாட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். முன்பு அப்படி இல்லை. புருஷன் இறந்துபோன பிறகு வந்த பிடிவாதம் இது. மேஸ்திரி கேட்டதற்கு, "அவ உக்காந்தா என் சீட்டு உயரத்த மாத்திடுறா" என்றாள். பொய்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் கயிற்றுக்கும் கூரைக்கும் நடுவில் தொங்குகிற மனிதர், வீட்டில் மட்டும் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்ட மாட்டார். பாட்டுக்கும் அவருக்கும் வெகுதூரம். ஆனால் ஆராதனையில் வாய்விட்டுப் பாடுவார். அதில்தான் வேடிக்கை. சபையே மெட்டைப் பாடும்போது அவர் ஒருவர் மட்டும், வண்டி ஹாரன் மாதிரி கனத்த குரலில், வேறு எதையோ பாடுவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் எல்லோரும் அவருக்குச் சுருதி சேரவில்லை என்று நினைத்தார்கள். மாஸ்டர்தான் ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஐயோ, இவர் ஆல்ட்டோ பாடுறாருங்க!" என்று சொன்னார்.

காரணம் எளிது. வீட்டில் அவள் எப்போதும் பாடிக்கொண்டிருப்பாள், பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது. அவளுக்குத் தெரிந்தது ஆல்ட்டோ. அதைத் தனியாகக் கேட்டால் எந்தப் பாட்டு என்றே யாருக்கும் பிடிபடாது. மெட்டு வேறெங்கோ இருக்கும், இது அதற்கு முட்டுக் கொடுக்கிற குரல். அந்த மனிதர் அதையே பாட்டு என்று எடுத்துக்கொண்டார். "மெட்டு அது இல்லைங்க" என்று அவள் எத்தனையோ தடவை பாடிக் காட்டினாள். "எனக்கு இதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த பாட்டுதான் இந்த "அன்பே" என்று முடிகிற பாட்டு. அவர் போன பிறகு மாஸ்டர் அதைத் தொடவில்லை. இப்போது போதகர் ஓய்வு பெறுகிறார். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர் கேட்ட ஒரே பாட்டு அது. மாஸ்டர் காலர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பக்க எண்ணைச் சொன்னார். அவளும் முகத்தைக் காட்டாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

ஓட்டைக்கு வைத்தியம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நீண்ட சுரத்தை ஒரே மூச்சில் யாராலும் பிடிக்க முடியாது. அதனால் பக்கத்தில் நிற்கிறவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள். நீ மூச்சு எடுக்கும்போது நான் விடாமல் பாடுகிறேன், நான் எடுக்கும்போது நீ பாடு. கேட்கிறவர்களுக்குக் குரல் அறுந்ததே தெரியாது. எல்லாக் குரல்களும் இப்படித்தான் செய்கின்றன. பேஸில் இருக்கும் இரண்டு பேர் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஆல்ட்டோவில் பேச்சுவார்த்தையே இல்லையே.

மாஸ்டர் பென்சிலை எடுத்தார். புத்தகத்தில் "அன்பே" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார், கொஞ்சம் தள்ளி ஒரு வட்டம் போட்டார். "கோட்டுல அக்கா மூச்சு எடுங்க. வட்டத்துல சின்னம்மா நீங்க. டிராஃபிக் சிக்னல் மாதிரி. அவ்வளவுதான் விஷயம்."

பாடினார்கள். கோடு வந்தது. காலர் அக்கா மூச்சு எடுக்கவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, பிடித்துக்கொண்டே போனாள். வட்டம் வந்தபோது சின்னவள் மூச்சு எடுத்தாள். அதே நொடியில் மூத்தவளின் மூச்சும் முடிந்துபோனது. டொப்பென்று அறுந்தது ஆல்ட்டோ.

"அக்கா, கோட்டை ஏன் தாண்டுனீங்க?"

"எனக்கு மூச்சு இருந்துச்சு."

"இருந்தாலும் எடுக்கணும்கா! பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டுல நின்ன பிறகா பங்க்கைத் தேடுவீங்க?"

மறுபடியும் பாடினார்கள். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை மாஸ்டர் கோட்டையும் வட்டத்தையும் இடம் மாற்றிப் போட்டார். முதலில் சின்னவள் மூச்சு எடுத்தாள், ஓட்டை விழவில்லை. அடுத்து மூத்தவளின் முறை வந்தது. அவள் தாண்டிப் போய்த் தடுமாறி, சின்னவளின் அடுத்த மூச்சோடு போய் மோதினாள். தோள்கள் ஒட்டி நின்று இத்தனை வருஷம் பாடியதில் இருவரின் மார்பும் ஒரே கணக்கில் ஏறி இறங்கப் பழகியிருந்தது. ஒருத்தி விட்டுக்கொடுக்காவிட்டால் இருவரும் ஒன்றாகத்தான் முடிவார்கள்.

மாஸ்டர் கோட்டையும் வட்டத்தையும் பழைய இடத்திலேயே திரும்பப் போட்டார். பொறுமை போய்விட்டது. "இதோ பாருங்க, சனிக்கிழமை ஒத்திகையிலயும் இதே மாதிரின்னா நான் ஆல்ட்டோவை கீபோர்டுல வாசிச்சுக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அங்கியைக் கழட்டி வச்சுட்டுக் கீழ பெஞ்சுல உக்காந்து கேளுங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியல."

காலர் அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கீழே பெஞ்சில் உட்காருவது என்பது மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அது வேறு. புருஷன் போன நாளிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டாலும் சொல் வராது, வந்தாலும் ஒரே ஒரு கேள்விதான் வரும், அதைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கியை மாட்டிக்கொண்டு நின்று, மற்றக் குரல்கள் மேலும் கீழுமாகச் சூழ்ந்துகொள்ள, நடுவில் தன் குரலை வைக்கும்போது மட்டும் நெஞ்சு கொஞ்சம் இளகும். வாரத்தில் அந்த நேரம் ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். அதையும் கீபோர்டுக்குத் தாரை வார்க்க வேண்டியதுதானா?

தான் ஏன் கோட்டில் மூச்சு எடுப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மாஸ்டரிடம் சொல்ல முடியாதே தவிர, நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஓர் ஆள்தான் இருக்கலாம் என்று விதி. அவள் இரவும் பகலும் இருந்தாள். புருஷனுக்கு நுரையீரலில் கோளாறு, மூச்சுக்குத் திண்டாட்டம். ஒரு நாள் மதியம் சின்னவள் வந்தாள். மருந்துக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மூத்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். மூத்தவள் கேட்கவில்லை. சின்னவள் பையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மூத்தவள் வீட்டுக்கு வந்து குளித்தாள். தலை துவட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். சீப்பு கையில் இருக்கும்போதே தூங்கிப்போனாள். பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. அவள் எழுந்து, பதறி அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முகத்தில் துணி போட்டிருந்தது.

"போன் பண்ணேன் அக்கா, நீங்க எடுக்கல" என்றாள் சின்னவள். உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் கேட்டவளின் காதில் அது குற்றச்சாட்டாக விழுந்தது. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில், எல்லோரும் கேட்க, "உன்னை நம்பி விட்டுட்டுப் போனேனே, பாத்துக்கறேன்னு சொன்னியே, நல்லாப் பாத்துக்கிட்டே!" என்று சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் கொழுந்தன்தான், சின்னவளின் புருஷன். மோட்டார் போடச் சொல்வதற்கும் மொட்டை மாடிக் கதவைச் சாத்தச் சொல்வதற்கும் மாடிக்கும் கீழுக்கும் அவர் நடந்து நடந்து முழங்காலே தேய்ந்துவிட்டது. "லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் போடாம போயிட்டானே எங்கண்ணன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஆக, மூச்சு எடுக்கும்போது நடப்பது இதுதான். சுரத்தைச் சின்னவளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். கண் சிமிட்டும் நேரம்தான். திரும்பி வரும்போது அது அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டும். அந்த ஒரு நம்பிக்கைதான் காலர் அக்காவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. பாட்டு கடைசிச் சொல்லுக்கு வந்தது, ஓட்டை விழுந்தது. மாஸ்டர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. "ரெண்டு பேரும் அந்த ரூமுக்குப் போங்க" என்று அங்கி மாற்றும் அறையைக் காட்டினார். "கதவைச் சாத்திக்கோங்க. சண்டை போட்டாலும் சரி, பாடினாலும் சரி. அந்தக் கடைசிச் சொல் முழுசா வந்தப்புறம் வெளிய வாங்க. வரலைன்னா அங்கியை அங்கேயே மாட்டிட்டு வந்துடுங்க."

சின்ன அறை. ஒரு சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெள்ளை அங்கிகள், ஒரு கண்ணாடி, கால் ஆடும் மேசை, உடைந்த மைக்குகள் போட்ட அட்டைப்பெட்டி. சின்னவள் கதவைச் சாத்தினாள். காலர் அக்கா அங்கிகளின் கழுத்துத் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் மட்டமான தையல். யாரும் ஆரம்பிக்கவில்லை. வெளியே டெனர் யாரோ தொண்டையைச் செருமினார்.

கடைசியில் சின்னவள்தான் பாட ஆரம்பித்தாள். கடைசிச் சொல்லை மட்டும் பாடவில்லை, கடைசிப் பத்தியை முதலிலிருந்து எடுத்தாள். மற்ற மூன்று குரலும் இல்லாமல், வெறும் ஆல்ட்டோ. மூத்தவள் சேர்ந்துகொள்ளவில்லை, கேட்டாள். இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றும் அந்தக் குரலை அவள் தனியாகக் கேட்டதில்லை. அது சின்னவளின் குரல் மாதிரியே இல்லை. இழுக்கிற இடத்தில் இழுத்து, "ர"வை லேசாக உருட்டி, அசலாகத் தன் குரல் மாதிரியே இருந்தது. மூத்தவள்தானே இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறையில் வைத்து.

கடைசிச் சொல்லுக்கு வந்ததும் சின்னவள் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கும் இதைத்தான் பாடினேன்."

மூத்தவள் திரும்பினாள். ஐந்தாறு வருஷத்தில் முதல் வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. "என்னிக்கு?"

"ஆஸ்பத்திரில. மாமா கண்ணைத் தொறந்து, 'அவ எங்கே'ன்னு கேட்டாரு. இப்ப வந்துடுவாங்கன்னு சொன்னேன். 'சரி, அப்ப நீ பாடு'ன்னாரு. எதைப் பாடன்னு கேட்டேன். அவ பாடுற பாட்டைன்னாரு. நான் மெட்டைப் பாட ஆரம்பிச்சேன் அக்கா. அவரு தலையை ஆட்டுனாரு. 'அது இல்ல, அது வேற யாரோ பாடுறது'ன்னாரு."

காலர் அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். மேசை ஆடியது.

"அப்புறம்தான் புரிஞ்சுது. ஆல்ட்டோவைப் பாடினேன். நீங்க பாடுற மாதிரியே. உடனே முகம் மாறிடுச்சு. கட்டில் கம்பில விரலால தட்டிக்கிட்டே கேட்டாரு. நான் மூச்சு எடுக்க நிறுத்தினா கண்ணைத் தொறந்து பாப்பாரு. சரி, நிறுத்த வேணாம்னு பாடிக்கிட்டே இருந்தேன், முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. அவர் எப்பப் போனாருன்னு எனக்கே தெரியாது அக்கா. விரல் நின்னுடுச்சு, தூங்குறாருன்னு நெனச்சேன். நர்ஸ் வந்து தோளைத் தொட்டப்பதான்... அதுக்கப்புறம்தான் போன் பண்ணேன்."

"ஏன் இதை அப்பவே சொல்லல?"

"நீங்க சொல்ல விட்டீங்களா?" என்றாள் சின்னவள். கோபமாகக் கேட்கவில்லை, கேள்வியாகவே கேட்டாள். "அப்புறம் எனக்கும் பயம். ஒருத்தர் சாகறப்போ பக்கத்துல உக்காந்து பாட்டா பாடுனேன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

காலர் அக்கா மேசையை விட்டுக் கையை எடுத்தாள். பிறகு, "வேற யாரோ பாடுறதுன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சபையே பாடுற மெட்டை?"

"ஆமா அக்கா."

காலர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆணியில் தொங்கிய ஓர் அங்கியில் முகத்தைப் புதைத்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அது பேஸ் பாடுகிற ஒருவரின் அங்கி, பாவம், அவருக்கு இது தெரியாது. சின்னவள் வந்து தொட்டு ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள், வழக்கம்போலத் தோள் இடிக்க. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமாக முழங்கால் போட்டுக் கேட்ட அந்த ஒரே கேள்வி, "நான் இல்லாத நேரத்தில் அவரை யார் பார்த்துக்கொண்டது?" என்பதுதான். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை, வழக்கு. எதிர்த்தரப்பில் சின்னவளும் இருந்தாள், கடவுளும் இருந்தார். பதிலை எதிர்பார்த்து அவள் கேட்டதே இல்லை. இப்போது பதில் வந்துவிட்டது, அங்கிகளுக்கு நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிற ஓரகத்தியின் வாயால். தான் சீப்பைப் பிடித்தபடி தூங்கியபோது, தன் குரல் அங்கே பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பாட ஓர் ஆளை முன்கூட்டியே, கல்யாணமாகி வந்த புதிதிலேயே, சமையலறையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியது யார் என்று அவளுக்குச் சந்தேகமில்லை.

"ஆண்டவரே, நான் தூங்கிட்டேன். நீர் தூங்கல" என்று சொன்னாள், அங்கிக்குள்ளேயே. ஜெபம் அவ்வளவுதான். ரொம்ப நாளைக்குப் பிறகு கேள்விக்குறி இல்லாமல் முடிந்த ஜெபம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டத்துல அப்படிப் பேசியிருக்கக் கூடாது, நான்" என்றாள்.

"விடுங்கக்கா."

"விட முடியாது. பேசியிருக்கக் கூடாது."

"சரி, பேசியிருக்கக் கூடாதுதான்" என்று சின்னவள் ஒப்புக்கொண்டாள். அதில் இருவருக்கும் கொஞ்சம் நிம்மதி. வெளியே மாஸ்டர் கதவைத் தட்டி, "உள்ள உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அன்று ஒத்திகைக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. மாஸ்டர் இருவரின் வீங்கிய கண்களைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. கீபோர்டைப் பற்றியும் பேசவில்லை. தைரியமாக இருக்கிறவர்போல் விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ராத்திரி அவருக்கு அசிடிட்டி.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. போதகர் விடைபெறும் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார். அவர் வாழ்நாளில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. பாடகர் குழு எழுந்து நின்றது. மாஸ்டர் கையை உயர்த்தினார், வலது கால் தானாக ஒரு தடவை தரையை அழுத்தியது.

பாட்டு போனது. காலர் அக்கா புத்தகத்தைப் பார்க்கவில்லை. முன்பு புருஷன் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் இப்போது கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பத்தி வந்தது. கடைசிச் சொல் வந்தது. சோப்ரானோ மேலே ஏறியது, பேஸ் படியிறங்கியது. பென்சில் கோடு வந்தது. அவளுக்கு இன்னும் மூச்சு இருந்தது. பழைய பயமும் இருந்தது. விட்டால் என்ன ஆகும், திரும்பி வரும்போது முகத்தில் துணி போட்டிருந்தால் என்ன செய்வது என்று நெஞ்சு கேட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சுரம் நிற்கவில்லை. அவள் பாடாதபோதும் அது அங்கே இருந்தது. சின்னவள் பிடித்துக்கொண்டிருந்தாள், இம்மி பிசகாமல். அதைச் சுற்றி மூன்று குரல்களும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தானில்லாமல் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று காலர் அக்கா அன்றைக்குத்தான் கேட்டாள். "அன்பே" என்று முழுசாக, எங்கேயும் அறுபடாமல் ஒலித்தது. தான் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அது நின்றது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, என்ன ஒரு நினைப்பு! வயிறு நிறைய மூச்சை இழுத்தாள். அவசரமே படவில்லை. பிறகு, தையலில் நூல் துருத்தாமல் சேர்ப்பதுபோல, மெதுவாக உள்ளே வந்து சேர்ந்தாள். வட்டம் வந்தபோது புத்தகத்தைப் பிடித்திருந்த கையால் சின்னவளின் கையை லேசாக இடித்தாள். சின்னவள் மூச்சு எடுத்தாள். இப்போது இவள் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் கையை இறக்க மறந்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அந்தச் சொல்லை நீட்டினார். யாருக்கும் மூச்சு முட்டவில்லை. பெஞ்சின் ஓரத்தில் கொழுந்தன் கைக்குட்டையைத் தேடினார்.

ஆராதனை முடிந்து வெளியே கூட்டம். போதகரிடம் கைகுலுக்க வரிசை நின்றது. கொழுந்தன் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, பழக்க தோஷத்தில், "அண்ணி, அவ என்ன கேக்குறான்னா..." என்று ஆரம்பித்தார். சின்னவள் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. இருவரும் அவரைப் பார்த்த பார்வையில், "சரி, நான் வண்டியை எடுக்கறேன்" என்று நகர்ந்துவிட்டார்.

காலர் அக்கா வரிசையைப் பார்த்தாள். அவள் முறை வர நேரம் ஆகும். காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றது இப்போதுதான் உறைத்தது. தோளில் இருந்த பையைக் கழற்றினாள். அதற்குள் போன், பர்ஸ், வீட்டுச் சாவி எல்லாம் இருந்தது. அதைச் சின்னவளின் கையில் கொடுத்தாள்.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். என் இடத்தைப் பாத்துக்கறியா?"

சின்னவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, ஒரு நொடி தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வாங்க அக்கா. நான் பாத்துக்கறேன்."

காலர் அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.